பத்து-பி வகுப்பில் கல்லிவல்லி

போன மாதம் ஷீபா போன் செய்தாள். வளைகுடாவில், அல் ஐன் நகரத்தில் நான் வேலை பார்த்த இந்தியப் பள்ளிக்கூடத்தில் இப்போது சமூக அறிவியல் எடுப்பவள். நான் ஓய்வு பெற்றபோது என் இடத்துக்கு வந்தவள்.

"மேம், எங்களுக்கு ரெண்டு நாள் டிரெய்னிங் வச்சாங்க. சென்சிட்டிவ் விஷயத்தையெல்லாம் கிளாஸ்ல எப்படிப் பேசணும்னு ஸ்லைடு ஸ்லைடா போட்டுக் காட்டினாங்க. ஒண்ணும் மண்டையில ஏறல. உங்க காலத்துல எப்படி மேம் சமாளிச்சீங்க?"

"எங்க காலத்துல பேசாம இருக்கத்தான் மக்ளே டிரெய்னிங்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஒன்றும் சிரிப்புக்குச் சொல்லவில்லை. நடந்ததை எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். அதுதான் இது.

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கான்வென்ட்டில் பல வருஷம் வரலாறும் புவியியலும் எடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அல் ஐனில் ஆஸ்பத்திரி ஏ.சி. டெக்னீஷியன் வேலை கிடைத்தது. அவர் விசாவில் நானும் போனேன். போய் இறங்கிய வருஷமே அந்தப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன். பி.எட். படிக்கும்போது, பிள்ளைகளைக் கேள்வி கேட்கத் தூண்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அல் ஐனில் சேர்ந்த முதல் வாரம் கையில் ஒரு கறுப்பு மார்க்கரைக் கொடுத்தார்கள்.

அது என்ன சங்கதி என்று கேட்பீர்கள். ஏப்ரல் பிறந்தால் டெல்லியிலிருந்து பாடப்புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் ஆசிரியைகள் நாங்கள் நூலகத்தில் வட்டமாக உட்கார்ந்து, அந்த நாட்டு அரசாங்கத்துக்கு ஆகாததையெல்லாம் கறுப்படிக்க வேண்டும். எந்தப் பக்கம், எந்த வரி, எந்தப் படம் என்று அலுவலகத்திலிருந்து சொல்லிவிடுவார்கள். வரைபடத்தில் வளைகுடாவுக்கு 'பாரசீக' என்று பெயர் போட்டிருந்தால் அதை மறைத்து 'அரேபிய' என்று ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஒரு கோடு இழுத்தால் போதாது, மேலே ஒன்று குறுக்கே ஒன்று என்று அழுத்தி அடிக்க வேண்டும். மை பின்பக்கம் ஊறி அங்கே இருக்கும் நல்ல வரியையும் தின்றுவிடும். மார்க்கர் வாடையில் மத்தியானத்துக்குள் தலைவலி வந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பிரயோஜனம்? புத்தகம் கைக்கு வந்ததும் பிள்ளைகள் செய்யும் முதல் காரியம், கறுப்படித்த பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பதுதான். பரீட்சைக்கு வராத அந்த ஒரு வரி மட்டும் வகுப்பு முழுக்க மனப்பாடமாக இருக்கும்.

பிரின்சிபால் குரியன் சார் கோட்டயத்துக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் அதை மலையாளத்தில் பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் முதலில் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். அடுத்து கதவு. அடுத்து ஏ.சி.யைக் கூட்டி வைப்பார். அந்த இரைச்சலுக்கு நடுவில், எதிரே இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகப் பேசுவார். அவர் அறையில் ஏ.சி. சத்தம் கூடினாலே வெளியே நிற்கிற நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவோம்.

அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்றுதான். "பிலோமினா டீச்சரே, பிள்ளைங்க ஏடாகூடமா ஏதாவது கேட்டா கோபப்படண்டா. பதிலும் சொல்லண்டா. இது எத்தனை மார்க் கேள்வின்னு சிரிச்சிட்டுத் திருப்பிக் கேளுங்கோ. அவ்வளவே உள்ளு."

பரீட்சைக்கென்றே பிறந்த நம் பிள்ளைகளிடம் அது நன்றாகவே வேலை செய்தது. மதத்தைப் பற்றி ஒருவன் ஆரம்பிப்பான், "எத்தனை மார்க்டே?" என்பேன், வகுப்பு கொல்லென்று சிரிக்கும், அவன் உட்கார்ந்துவிடுவான். ஒரே ஒரு தடவைதான் சறுக்கியது. அருண் என்று ஒரு பையன். அல் ஐன் ஆஸ்பத்திரியிலேயே பிறந்தவன், ஊருக்கு விடுமுறையில் போனால் கொசுக்கடியில் அழுகிறவன். "மேம், நான் இங்கேதானே பிறந்தேன், அப்புறம் ஏன் நான் இந்த ஊர்க்காரன் இல்லை?" என்று கேட்டான். நான் வழக்கம்போல, "இது எத்தனை மார்க்?" என்றேன். "ஸீரோ மார்க்தான் மேம். இருந்தாலும் எனக்குத் தெரியணும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. மணி அடித்து என்னைக் காப்பாற்றியது.

இனி நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன்.

அந்த வருஷம் அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்திருந்தது. விசா முடிந்தும் தங்கியிருப்பவர்கள், கஃபீலை, அதாவது விசா எடுத்துக் கொடுத்த முதலாளியை, விட்டுவிட்டு வேறு இடத்தில் ஒளிந்து வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரு கெடுவுக்குள் வந்து பதிந்துகொண்டு ஊருக்குப் போய்விடலாம், அபராதம் கிடையாது என்பது அதன் சாரம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது கெடு முடியச் சில வாரங்களே பாக்கி.

அப்படிக் காகிதம் இல்லாமல் இருப்பவர்களுக்கு வளைகுடாவில் ஒரு பெயர் உண்டு: கல்லிவல்லி. அரபியில் 'விட்டுத் தள்ளு, போனால் போகிறது' என்று அர்த்தம். பஸ்ஸைத் தவறவிட்டாலும் கல்லிவல்லி, கணக்கில் மார்க் குறைந்தாலும் கல்லிவல்லி என்று பிள்ளைகள் வாயில் நாள் முழுக்கப் புரளும் வார்த்தை. அதே வார்த்தையைத்தான் அந்த மனிதர்களுக்கும் பெயராக வைத்திருந்தார்கள். தமிழன், மலையாளி, பாகிஸ்தானி எல்லோரும் அப்படித்தான் சொன்னோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை கடைசி பீரியட் பத்து-பி வகுப்புக்கு நாட்டு நடப்பு. யாராவது ஒரு செய்தித்தாள் துண்டைக் கொண்டு வந்து படிப்பார்கள், கொஞ்சம் பேசுவோம். வகுப்பில் எல்லாம் ஆங்கிலம்தான். இங்கே நம் பேச்சில் எழுதுகிறேன். அன்றைக்கு வந்தது பொதுமன்னிப்புச் செய்தி. படித்து முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து நிகில் எழுந்தான்.

நிகிலின் அப்பா ஒரு பெரிய கான்ட்ராக்ட் கம்பெனியில் பி.ஆர்.ஓ. விசா அலுவலகத்துக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் தினம் ஃபைலோடு அலைகிற உத்தியோகம். அதனால் பையனுக்கு இந்த விஷயத்தில் தான் ஒரு அதிகாரி என்று நினைப்பு.

"மேம், இவங்களுக்கு எதுக்கு மன்னிப்பு? எல்லா கல்லிவல்லியையும் பிடிச்சு ஏத்திவிடணும். கம்பெனி காசு செலவு பண்ணி விசா எடுக்கும், இவங்க ஓடிப் போவாங்க. எங்க அப்பாதான் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஆபீசுக்கும் அலையணும்."

"எங்க பில்டிங்ல கார் கழுவறவர் கல்லிவல்லிதான்" என்றாள் ஒருத்தி. "போலீஸ் வந்தா தண்ணி டாங்குக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவார்." வகுப்பு சிரித்தது. பிள்ளைகளிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வீட்டில் கேட்டதை இங்கே வந்து கொட்டினார்கள், அவ்வளவுதான்.

அப்போது ரோஸ்லின் கை தூக்கினாள். தூத்துக்குடிக்காரப் பெண், நன்றாகப் படிப்பாள், தானாகக் கை தூக்குகிற ரகம் இல்லை.

"மேம், மன்னிப்புல போறவங்களை முதல்ல ஜெயில்ல வைப்பாங்களா? இல்ல வீட்டுலேர்ந்தே ஏர்போர்ட்டுக்குப் போகலாமா? கண்ணை ஸ்கேன் பண்ணினா அப்புறம் எப்பவும் வர முடியாதாமே? பாஸ்போர்ட் பழைய கம்பெனியிலே இருந்தா என்ன செய்யணும்?"

ஊருக்குத் திருப்பி அனுப்புகிறவர்களை அடையாளம் வைக்க எடுக்கும் அந்தக் கண் ஸ்கேனைப் பற்றிச் செய்தித் துண்டில் ஒரு வார்த்தை கிடையாது. பாஸ்போர்ட்டைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

நிகில் திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "உனக்கு எதுக்கு இவ்வளவு டீட்டெயிலு? உங்க அப்பா என்ன கல்லிவல்லியா?"

வகுப்பே ஓவென்று சிரித்தது. ரோஸ்லினும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாள். அந்தக் கூடுதல் சிரிப்பில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

எத்தனை மார்க் என்ற கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும், என் வேலைக்கும் ஆபத்து இல்லை. ஆனால் அவளுக்குப் பதில் கிடைத்திருக்காது. நிகிலைத் திட்டினாலும் ஆபத்துதான். டீச்சர் ஏன் இதற்கு இவ்வளவு கோபப்படுகிறார் என்று முப்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பும். தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் அதையும் பார்ப்பார்கள்.

எழுந்து போய் போர்டில் அவள் கேட்ட கேள்விகளையே எழுதினேன். கூட நான்கைந்து கேள்விகளை நானாகச் சேர்த்தேன். கெடு எப்போது, எந்த ஆபீஸ், பிள்ளைகள் இருந்தால் என்ன, கெடு தாண்டினால் என்ன. "எல்லாருக்கும் இது புராஜெக்ட். தெரியாத விஷயத்தைப் பத்திக் கத்துறதை விட்டுட்டு, வீட்டுல கேளுங்க, பேப்பர்ல பாருங்க, அடுத்த வியாழக்கிழமை ஆளுக்கொரு பக்கம் எழுதிட்டு வாங்க. இன்டெர்னல் மார்க் உண்டு" என்றேன். மார்க் என்றதும் எல்லோரும் மும்முரமாகக் குறித்துக்கொண்டார்கள். முப்பது பிள்ளைகளும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு அலைந்தால், ஒருத்தி கேட்பது யார் கண்ணிலும் படாது இல்லையா?

"நிகில், உங்க அப்பாவுக்குத்தான் எல்லாம் தெரியுமே. ஒண்ணு விடாம கேட்டுட்டு வா, நீதான் முதல்ல வாசிக்கணும்" என்றேன். பையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். குரியன் சார் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். ஏ.சி.யைக் கூட்டினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். விசா என் வீட்டுக்காரர் பேரில் என்றாலும், என் சம்பளத்தில்தான் எங்கள் மகள் ஊரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

"நிகில்டெ அப்பா போன் பண்ணினார். ஸ்கூல்ல விசா காரியம் எதுக்குப் படிப்பிக்குந்நுன்னு கேட்டார். போர்ஷன்ல உண்டோ, டீச்சரே?"

"குடிமையியல்ல சட்டத்தின் ஆட்சின்னு ஒரு பாடம் இருக்கு சார். அரசாங்கம் போட்ட சட்டத்தைத்தான் தெரிஞ்சுக்கச் சொன்னேன். மீறச் சொல்லல."

அதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பவர் போலத் தலையாட்டினார். "அவர் இன்னொண்ணும் கேட்டார். அந்த கிளாஸ்ல அப்படி ஒரு குட்டி உண்டோன்னு."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஞான் கேக்கல. அவர் கேட்டார்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சா, விசா இல்லாத குட்டியை ஞான் கிளாஸ்ல வச்சிருக்க முடியாது. அன்னைக்கே பேர் வெட்டணும். அதனால எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. மனசிலாயோ?"

"சரி சார்."

"புராஜெக்ட் நடக்கட்டே. சுவர்ல ஒட்டண்டா." ஏ.சி.யைக் குறைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். அவர் மேல் எனக்கு அதுவரை பயம்தான் இருந்தது. அன்றைக்கு முதல்முறையாக மரியாதை வந்தது.

வியாழக்கிழமை நிகில் வாசித்தான். அவனைக் குறை சொல்லவே முடியாது, பிரமாதமாகக் கேட்டு வந்திருந்தான். பதிவு செய்யப் போகிற இடத்தில் பிடித்து வைக்க மாட்டார்கள். பாஸ்போர்ட் கையில் இல்லையென்றால் இந்தியத் தூதரகத்தில் அவுட்பாஸ் என்ற தற்காலிகப் பயணக் காகிதம் வாங்கிக்கொள்ளலாம். குடும்பம் இருந்தால் எல்லோரும் சேர்ந்தே போக வேண்டும். டிக்கெட்டோடு நேராக ஏர்போர்ட். "கெடு தாண்டினா மட்டும் கல்லிவல்லி கிடையாது, ஜெயில்தான்னு அப்பா சொன்னார்" என்று முடித்தான். வகுப்பு சிரித்தது. ரோஸ்லின் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமைப் பூசை. பூசை முடிந்து வெளியே வந்தபோது கார் நிறுத்துமிடத்தில் ரோஸ்லின் அவள் அப்பா அம்மாவோடு நின்றாள். அப்பா சேவியர், ஏ.சி.க்குக் காற்றுக்குழாய் போடுகிற ஃபோர்மேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"டீச்சர், நான் களவாணி இல்ல. அந்தக் கம்பெனிக்காரன் ஆறு மாசமாச் சம்பளம் தரல. வேற எடத்துக்குப் போவ ரிலீஸும் தர மாட்டேன்னுட்டான். புள்ள படிக்கணுமே, சாப்பிடணுமேன்னு வேற ஆளுகிட்ட வேலைக்குப் போனேன். உடனே பழைய கம்பெனிக்காரன் நான் ஓடிப் போயிட்டேன்னு எழுதிக் குடுத்துட்டான். அதோட எங்க எல்லாருக்கும் விசா போச்சு."

"சரி, இப்ப மன்னிப்பு வந்திருக்கே. எப்ப போறீங்க?"

"போவல டீச்சர். மார்ச்சுல இவளுக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்சை. அது வரைக்கும் எங்கியாவது ஒளிஞ்சு தள்ளிட்டம்னா போதும். நடுவுல போனா இவளுக்கு ஒரு வருசம் பாழாப் போயிரும்லா? அதுக்குப் பொறவு என்னைப் பிடிச்சாப் பிடிக்கட்டும்."

"அப்பா, கெடு முடிஞ்சா ஜெயிலு. நிகில் சொன்னான், அவங்க அப்பாவே சொல்லியிருக்காரு" என்றாள் ரோஸ்லின். "பரீட்சைய நான் அடுத்த வருசம் கூட எழுதுதேன்."

"நீ சும்மா இரிட்டி. ஒனக்காகத்தானே இந்தப் பாடு படுதேன்?" அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவர் மேல் பாதி, ரிலீஸ் கொடுக்காத அந்த முதலாளி மேல் மீதி. அவன் அங்கே இல்லாததால் எல்லாம் இவர் தலையில் விழுந்தது. "என்ன மனுஷன் நீங்க? பரீட்சைக்கு முந்தின நாள் உங்களைப் பிடிச்சுக்கிட்டுப் போனா இவ எந்த மனசோட பேனாவைத் தொடுவா? யாருக்காக இதையெல்லாம் செய்றீங்களோ, அவ தலையிலேயே கொண்டுபோய்ப் போடுறீங்களே! நாளைக்கே போய்ப் பதிஞ்சிட்டு வாங்க. பரீட்சையை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். எப்படிப் பார்ப்பது என்று எனக்கே தெரியாது. பத்தாம் வகுப்புக்கு நடுவில் பள்ளி மாறுவது எங்கள் போர்டில் லேசுப்பட்ட காரியம் இல்லை. அப்பா அம்மாவுக்கு வேலை மாற்றம் என்றால் மட்டும்தான் விடுவார்கள்.

திங்கட்கிழமை நானே குரியன் சார் அறைக்குள் போய், நானே ஜன்னலைச் சாத்தினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், பத்தாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு இப்ப ஊருக்குப் போனா, அங்கே இருந்து பரீட்சை எழுத வழி உண்டா? சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கிறேன்."

"எந்த ஊரு?"

"தூத்துக்குடி."

யாரென்று கேட்கவில்லை. டெல்லியில் இருக்கிற போர்டு அலுவலகத்துக்கு ஒரு போன், தூத்துக்குடியில் ஒரு பள்ளி நடத்துகிற கன்னியாஸ்திரீக்கு ஒரு போன், மறுபடியும் டெல்லிக்கு ஒரு போன் என்று அன்று காலை முழுக்கப் பேசினார். எப்போதும் மெதுவாகப் பேசுகிறவர், டெல்லிக்காரரிடம் மட்டும் கொஞ்சம் சத்தம் போட்டார். இரண்டு நாள் கழித்து மாற்றுச் சான்றிதழைக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பள்ளியை விட்டு விலகக் காரணம் என்ற இடத்தில் 'தந்தைக்கு ஊர் மாற்றம்' என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். "பொய் ஒண்ணும் இல்லல்லோ" என்றார்.

ரோஸ்லின் என்ன ஆனாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் படிக்கிறவர்களுக்கு மனசு அதிலேயே கிடக்கும். கெடு முடிவதற்குள் மூன்று பேரும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த மார்ச்சிலேயே தூத்துக்குடியில் பரீட்சை எழுதினாள். சமூக அறிவியலில் மட்டும் கொஞ்சம் மார்க் குறைந்துவிட்டது என்று போனில் வருத்தப்பட்டாள். அப்பா ஊரில் ஏ.சி. மெக்கானிக் கடை போட்டார்.

அவள் போன பிறகு வந்த வியாழக்கிழமை, அவள் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்டார்கள். அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் என்றேன். அப்படியா என்று விட்டுவிட்டார்கள். அந்த ஊரில் பிள்ளைகள் திடீரென்று வருவதும் போவதும் சகஜம்.

மணி அடித்து எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு நிகில் மட்டும் என் மேஜை அருகே வந்து நின்றான்.

"மேம், எங்க அப்பா அந்த ஆபீஸ் கியூவில ரோஸ்லினைப் பாத்தாராம். அவங்க அப்பா அம்மாகூட நின்னாளாம். யூனிஃபார்மைப் பாத்துட்டு, உங்க ஸ்கூல்தானேன்னு வீட்டுக்கு வந்து என்கிட்ட கேட்டார்." கொஞ்ச நேரம் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தான். "நான் அன்னைக்குச் சொன்னதாலதான் போயிட்டாளா?"

இல்லை மக்ளே, நீ ஒன்றும் நினைக்காதே என்று முதுகில் தட்டி அனுப்பியிருக்கலாம். பதினைந்து வயதுப் பையன், அழுகிற நிலையில் நிற்கிறான். ஆனால் கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் விடுவது எனக்கே அலுத்துப் போயிருந்தது.

"உங்க அப்பாகிட்ட கேட்டு வந்து வாசிச்சியே, அதைக் கேட்டுத்தான் போனா. இல்லன்னா அவங்க அப்பா இப்ப ஜெயில்ல இருந்திருப்பாரு. அதுக்கு முந்தின வாரம் நீ சொன்னதையும் அவ அங்கேதான் உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தா."

அவன் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அவ ஊர் நம்பர் உங்ககிட்ட இருக்கா மேம்?"

"எதுக்குடே?"

"பேசணும்."

"என்னன்னு பேசுவ?"

"தெரியல மேம்" என்றான்.

நம்பரைக் கொடுத்தேன்.